மனந்திரும்புதல் (கிறித்தவம்)

மனந்திரும்புதல் என்பது, பாவத்தை விட்டு இறைவனிடம் திரும்பி, அவரது மன்னிப்பைப் பெற்று, அதற்கேற்ப வாழ்வை மாற்றிக்கொள்வதைக் குறிக்கும் கிறித்தவச் சொல். கிரேக்க மூலத்தில் இது 'மெத்தனோயா'. மனம் மாறுதல் என்பது நேர்ப்பொருள். மன்னிப்பு முந்தியதா, மாற்றம் முந்தியதா என்னும் வழக்குக்கு மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்து உவமையே விடை தருகிறது. அரசன் ஒரு பணியாளனுக்குத் தள்ளுபடி செய்த கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. 6 கோடி நாள் கூலி கழிக்கப்பெற்றவன், வெளியே வந்ததும் 100 நாள் கூலிக்காக உடன்பணியாளனின் கழுத்தைப் பிடிக்கிறான், தள்ளுபடி ரத்தாகிறது. மன்னிப்பு முதலில் வருகிறது. மாறாத மனத்தில் அது தங்குவதில்லை.

தொடக்கத் திருச்சபை இதனைக் கற்றது துன்பக் காலத்தில். கி.பி. 250இல் உரோமைப் பேரரசன் தேசியுஸ், குடிமக்கள் அனைவரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டான். பலியிட்டவர்களுக்கு அதிகாரிகள் சான்றுச்சீட்டு வழங்கினர். எகிப்தின் மணலில் கிடைத்த பாப்பிரஸ் சீட்டுகளில், தான் எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்ததாகவும், இப்போது அதிகாரிகள் கண்முன்னே பானம் வார்த்துப் பலியுணவைச் சுவைத்ததாகவும் மனுதாரர் கூறுகிறார். கீழே அதிகாரியின் கையொப்பம். கிறித்தவர்களில் சிலர் பலியிட்டனர். சிலர் பலியிடாமலே சீட்டை மட்டும் பெற்றனர். துன்பம் தணிந்ததும் இவர்கள் சபைக்குத் திரும்பி வந்தபோது, உரோமையில் நொவாசியன் என்னும் குரு அவர்களுக்குக் கதவை அடைத்தான். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியனின் தலைமையில் 251இல் கூடிய மன்றமோ குற்றத்தைத் தரம் பிரித்தது: சீட்டுப் பெற்றவரை விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர் தவமுயற்சியில் நிலைத்திருந்தால் சாகும் தறுவாயில் சேர்க்கலாம். 325இன் நிசேயா சங்கம், வற்புறுத்தலின்றி மறுதலித்தவர்களுக்கு 12 ஆண்டுகளை விதித்தது: கேட்போராக 3, தாழ்ந்து பணிவோராக 7, நற்கருணையின்றி மன்றாட்டில் மட்டும் 2.

இது மன்னிப்பை விலைக்கு விற்பதாகாதா என்பர். ஆகாது. சாகக் கிடப்பவருக்கு நற்கருணையை மறுக்கலாகாது என்று அதே சங்கம் விதித்தது. விலையென்றால், ஆண்டுகள் பாக்கியிருக்கப் பொருளைக் கையில் கொடுப்பாரில்லை. மாற்றம் உண்மையென்று கண்டால் தவமுயற்சிக் காலத்தில் சலுகை காட்ட ஆயருக்கு உரிமையும் இருந்தது. ஆக, ஆண்டுகள் அளந்தது மனத்தை. பின்னர் அயர்லாந்துத் துறவிகளின் வழியாகத் தனிமையில் பாவத்தை அறிக்கையிடும் முறை பரவி, 1215இன் நான்காம் இலாத்தரன் சங்கத்தில் ஆண்டுக்கொருமுறை கட்டாயமாயிற்று. மன்னிப்பு உடனே கிடைத்தது. தவமுயற்சி பின்னால் வந்தது. ஆனால் நாளடைவில் மாற்றம் சடங்காகச் சுருங்கியது. 1517இல் மார்ட்டின் லூதர் தம் 95 கருத்துரைகளில் முதலாவதாகவே, விசுவாசியின் வாழ்வு முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்றது இச்சுருக்கத்துக்கு எதிராகவே. லூதர் போதித்த இலவச மன்னிப்பு ஒழுக்கத்தைத் தளர்த்தாதா என்ற எதிர்வாதத்துக்கு, லூத்தரன் மரபிலிருந்தே 1937இல் டீட்ரிக் போன்ஹோஃபர் விடையளித்தார்: சீடத்துவம் இல்லாத அருளை மலிவான அருள் என்று அவர் கடிந்தார்.

தமிழுக்கும் இதில் பழந்தொடர்பு உண்டு. இயேசு சபையின் அன்றீக் அடிகளார் பாவ அறிக்கைக்கு வழிகாட்டும் 'கொம்பெசியொனாயரு' என்னும் தமிழ் நூலை 1580இல் கொச்சியில் அச்சிட்டார். பாவசங்கீர்த்தனம் எனப்பட்ட சடங்கு இன்று ஒப்புரவு அருட்சாதனம் எனப்படுகிறது. சீர்திருத்தச் சபைகளில் பொது அறிக்கை மன்றாட்டும் நற்செய்திக் கூட்டங்களின் மனந்திரும்புதல் அழைப்பும் வழக்கில் உள்ளன.