இணையப் பிங்கோ: காசு கட்டுமுன் தெரிந்துகொள்ள

விருந்துகளில் தம்போலா என்று ஆடுவதுதான் 90 எண் பிங்கோ. சீட்டுக்கு 15 எண்கள், மூன்று வரிசை. 75 எண் ஆட்டத்தில் ஐந்துக்கு ஐந்து கட்டம், நடுக்கட்டம் இலவசம். இணையத்தில் எண்ணை எடுப்பது கணினி. பெரும்பாலும் சீட்டில் குறிப்பதும் அதுவே, திறமைக்கு வேலையில்லை.

சிக்கல் காசில்தான். சிங்கப்பூரில் 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பிலுள்ள சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமமில்லாத தளத்தில் பணம் வைத்து ஆடுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சிங்கப்பூர் பூல்ஸ் இணையத்தில் 4டி, டோட்டோ நடத்துகிறது, பிங்கோ இல்லை.

வீட்டில் உறவினர், நண்பர்களோடு நேரில் ஆடலாம். நடத்துபவர் கமிஷன் எடுக்கக்கூடாது. அதே கூட்டம் வாட்ஸ்அப்பில் காசு வைத்து ஆடினால் இந்த விலக்கு பொருந்தாது. பழக நினைப்பவர் இலவசச் செயலியில் தொடங்கலாம். வங்கி அட்டை விவரம் கேட்டால் வெளியேறிவிடுங்கள்.