பள்ளிக்கூடப் பசங்க செய்த படகு

விழா மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "ராயபுரம் ரயில் நிலையத்தைப் பத்தி மட்டும் எழுதாதேப்பா, அது ஏற்கனவே மூணு பேர் குடுத்துட்டாங்க" என்று முன்ஜாக்கிரதையாகச் சொல்லிவிட்டார். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ஊர் நம் ஊர் என்பதை நாம் எந்த மலரிலும் விட்டு வைத்ததில்லை. ஆகவே இம்முறை பிரிட்டனில், வேல்ஸ் கடற்கரையில் ஆரம்பிக்கிறேன். சுற்றிக்கொண்டு ராயபுரத்துக்கே வந்துவிடுவேன், பயப்படாதீர்கள்.

படகு பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மீட்புப் படகு ஒன்று பட்டறைக்கு வந்தது. சுற்றிலும் காற்றடைத்த ரப்பர் குழாய். அடிப்பாகம் மட்டும் ஃபைபரில் செய்த கெட்டியான 'வி' வடிவம். பட்டறை ஃபோர்மேன் அண்ணன், "தம்பி, இதை யாரு கண்டுபிடிச்சாங்க தெரியுமா? பள்ளிக்கூடப் பசங்க" என்றார். கிண்டல் செய்கிறார் என்று சிரித்துவிட்டேன். பிறகு தேடிப் படித்தபோதுதான் அது பெரும்பாலும் உண்மை என்று தெரிந்தது.

கூர்ட் ஹான் என்ற ஜெர்மானிய யூதர், 1920-ல் தன் நாட்டில் சாலெம் என்ற பள்ளியைத் தொடங்கியவர். ஹிட்லரை எதிர்த்ததால் 1933-ல் சிறைக்குப் போய், வெளியே வந்து பிரிட்டனில் குடியேறினார். இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் மூழ்கியபோது, உயிர்காக்கும் படகில் வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்க, வாட்டசாட்டமான இளைஞர்கள் மனம் உடைந்து சாகிறார்கள் என்று ஒரு கப்பல் கம்பெனி முதலாளி கவலைப்பட்டார். அவரும் ஹானும் சேர்ந்து 1941-ல் வேல்ஸில் இளைஞர்களுக்கு ஒரு கடல் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார்கள். உடம்பு மட்டும் போதாது, தன்னை நம்பி இன்னொரு உயிர் இருக்கிறது என்ற பொறுப்பு வேண்டும் என்பது ஹானின் கட்சி.

அந்தக் கொள்கையின் நீட்சியாக 1962-ல் வேல்ஸின் செயின்ட் டோனாட்ஸ் கோட்டையில் அட்லாண்டிக் கல்லூரி திறக்கப்பட்டது. கல்லூரி என்று பெயரே தவிர, படிப்பவர்கள் 16 முதல் 19 வயதுப் பிள்ளைகள். நம் கணக்கில் பிளஸ் ஒன், பிளஸ் டூ. பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே அறையில் இரண்டு வருடம் தங்கிப் படிக்க வேண்டும். முதலில் பையன்கள் மட்டும்; 1967-ல் பெண்களும் வந்தார்கள். உலகப் போர் முடிந்து 17 வருடம்தான் ஆகியிருந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாக்கள் எதிரெதிராகச் சண்டை போட்டிருக்க, பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில்!

காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் சேவை. சேவை என்றால் மரம் நட்டு போட்டோ எடுத்துக்கொள்வது அல்ல. 1963-லிருந்து 2013 வரை அந்தக் கடற்கரையின் உயிர்மீட்பு நிலையத்தையே மாணவர்கள்தான் இயக்கினார்கள். நம் கடலில் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டரைச் சுற்றித்தான். அங்கே பத்து மீட்டருக்கு மேலே! பாறைக் கடற்கரை, குளிர்ந்த தண்ணீர், அதில் ஆபத்து என்று அழைப்பு வந்தால் பிளஸ் டூ பையன் படகை இறக்க வேண்டும்.

இங்கேதான் நம்ம விஷயம் வருகிறது. அன்றைய காற்றுப் படகுகளுக்கு அடிப்பாகமும் துணிதான். கல்லில் இழுத்தால் கிழியும். அலையில் வேகமாகப் போனால் தொளதொளவென்று அடிக்கும். முதல்வராக இருந்த டெஸ்மண்ட் ஹோர், கடற்படையில் ரியர் அட்மிரலாக இருந்தவர், இன்ஜினியர். அவரும் மாணவர்களும் பிளைவுட் பலகையை ரப்பர் குழாயோடு சேர்த்துப் பார்த்தார்கள். பிய்ந்து போனது. திரும்ப ஒட்டினார்கள். அறுபதுகள் முழுக்க ஒன்று மாற்றி ஒன்று, படகு மேல் படகாகச் செய்து, மறுநாளே கடலில் சோதித்தார்கள். கெட்டியான அடிப்பாகம் அலையை வெட்டும். ரப்பர் குழாய் தண்ணீர் நிறைந்தாலும் மூழ்கவிடாது. ஹோர் அந்தக் காப்புரிமையைப் பிரிட்டிஷ் உயிர்மீட்புப் படகுச் சங்கத்துக்கு ஒரே ஒரு பவுனுக்குக் கொடுத்துவிட்டார். 1972-ல் சேவைக்கு வந்த அந்தச் சங்கத்தின் படகுக்கு, கல்லூரியின் பெயராலேயே 'அட்லாண்டிக் 21' என்று பெயர் வைத்தார்கள்.

பாடத்திலும் அவர்கள் பழைய வழியை விட்டார்கள். 1968-ல் ஜெனீவாவில் உருவான சர்வதேச பக்கலோரியா படிப்பை முழுமையாக ஏற்று, பிரிட்டனின் 'ஏ லெவல்' தேர்வை 1971-ல் கைவிட்டார்கள். ஆறு பாடம், சொந்தமாக ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை, கட்டாயச் சேவை. நம் நாட்டிலும் இந்த வரிசையில் ஒன்று உண்டு. 1997-ல் புனே அருகே முல்ஷி வட்டாரத்தில், ஒரு குன்றின் மேல் மகிந்திரா கல்லூரி ஆரம்பமானது. விடுதிக்கு அங்கே 'வாடா' என்று மராத்திப் பெயர். பல மாணவர்கள் உதவித்தொகையில் சேர்கிறார்கள். ஆனாலும் நம் வண்ணாரப்பேட்டைப் பையனுக்கு இப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது என்பது என் ஆதங்கம்.

இப்போது நம் கல்லூரிக்கு வருகிறேன். மூன்றாம் வருடம் நாங்கள் நாலு பேர், காசிமேட்டில் ஃபைபர் படகின் அவுட்போர்டு மோட்டாரில் உப்புத் தண்ணீர் அரிப்பைப் பற்றி புராஜெக்ட் செய்ய அனுமதி கேட்டோம். "கடல் விஷயம், ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று மறுத்துவிட்டார்கள். நாங்களும் சந்தோஷமாக ரிச்சி தெருவுக்குப் போய், ரெடிமேடாக ஒரு தானியங்கி விளக்கு புராஜெக்டை விலைக்கு வாங்கி வந்து சமர்ப்பித்தோம். மார்க்கும் வந்தது. கல்லூரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காசு கொடுத்தது நான்தான்.

2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது நினைவிருக்கும். லீவு போட்டுவிட்டு நானும் போனேன். தார் மாதிரி கெட்டிப்பட்டதை மீனவர்கள், கடலோரக் காவல் படையினர், தன்னார்வலர்கள் எல்லோரும் வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். முழங்கை வரை கறுப்பாக ஒரு பையன் என்னிடம் வாளியை நீட்டி, "அண்ணா, பிடிங்க" என்றான். பேச்சுக் கொடுத்தால் நம் கல்லூரி, இரண்டாம் வருடம் மெக்கானிக்கல்! யாருடைய அனுமதியும் கேட்டு வரவில்லை. எண்ணெய் ஏன் தண்ணீரோடு சேர்ந்து இப்படிக் கெட்டியாகிறது, பம்ப் ஏன் அடைத்துக்கொள்கிறது என்று அள்ளிக்கொண்டே கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்; பாதி தப்பாகச் சொன்னேன் என்று வீட்டுக்கு வந்து படித்த பிறகு தெரிந்தது.

இந்த வருடச் சந்திப்பு நாளில், காலாவதியான ஒரு பழைய மீட்புப் படகைப் பட்டறையிலிருந்து கொண்டு வந்து நம் ஒர்க்‌ஷாப் பின்புறம் இறக்கப் போகிறேன். முதல்வர் ஐயா சம்மதித்துவிட்டார். அடிப்பாகத்தில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். இடது பக்கக் குழாய் காற்று நிற்கவில்லை. தம்பி, தங்கைகள் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். ஃபைபர் தூள் அரிக்கும், கையுறை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.