வளைந்த வழிகளின் வரலாறு

செம்பூரிலிருந்து சாந்தாகுரூசுக்கு வழி கேட்டவர்க்கு, "முதலில் சயானுக்குப் போங்கள்" என்றே நெடுங்காலம் விடை கிடைத்து வந்தது. செல்ல வேண்டிய ஊரோ நேர்மேற்கில். சயான் இருப்பதோ தென்மேற்கில். தெற்கே இறங்கி, தாராவியை ஒட்டிச் சென்று, பாந்த்ராவை அடைந்து, மீண்டும் வடக்கே ஏற வேண்டும். குர்லாவின் நெரிசலில் நுழைந்து செல்லும் வழியும் உண்டு. அதற்குச் சுற்றுவழியே மேல் என்போர் பலர். ஊரிலிருந்து புதிதாய் வந்த உறவினர், டாக்சிக்காரர் ஏமாற்றுகிறாரோ என ஐயுறுவர். கைப்பேசியில் வரைபடம் பார்த்துச் செல்லும் இக்காலத்தவரும் இந்நகரின் வளைவுகளில் அவ்வாறே திகைக்கின்றனர். குற்றம் டாக்சிக்காரருடையதன்று; மித்தி ஆறு கடலோடு கலக்கும் கழியினுடையது.

பம்பாய் ஏழு தீவுகளாய் இருந்து ஒன்றான வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். ஒன்றான பின்னும் அது தீவாகவே இருந்தது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். வடக்கே சால்செட் தீவுக்கும் அதற்கும் இடையே கழி கிடந்தது. கிழக்கே சயானில், கவர்னர் ஜொனாதன் டங்கன் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நீரின் குறுக்கே வழி அமைக்கப்பட்டது. மேற்கே மாகிமுக்கும் பாந்த்ராவுக்கும் இடையில் படகே துணை. இரண்டுக்கும் நடுவே, கோலி மீனவர் வாழ்ந்த கழிக்கரைச் சிற்றூராகத் தாராவி இருந்தது. நெல்லைச் சீமையினர் குடியேறியதெல்லாம் பின்னர் நிகழ்ந்தது.

மாகிம் துறையில் படகுகள் கவிழ்வதும் உயிர்கள் மாய்வதும் வழக்கமாயின. கம்பெனி அரசு பணமில்லை என்று கைவிரித்தது. அப்போது முன்வந்தவர், சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் துணைவியார் ஆவாபாய் அம்மையார். முதலில் ஒரு லட்சம், அது போதாமற்போகவே மேலும் 57,000 ரூபாய் கொடுத்தார். கடப்போரிடம் சுங்கம் வாங்கலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. 1845-இல் வழி திறக்கப்பட்டது. மாகிமிலிருந்து தாதர் நோக்கிச் செல்லும் எல்.ஜே. ரோடு அவர் பெயரைத் தாங்கியது. அவ்வெழுத்துகளின் விரிவை அறிந்தோர் இன்று சிலரே. 'காஸ்வே' என்பதற்கு அலுவலகங்களில் நம் போன்ற மொழிபெயர்ப்பாளர் 'தாம்போதி' என்று எழுதுவோம். மக்கள் நாவில் அது ஏறவில்லை. 'சேது' என்றால் எவர்க்கும் விளங்கும்.

நீர் வகுத்த எல்லை இன்னும் அழியவில்லை. சயானுக்கும் மாகிமுக்கும் தெற்கே ஆட்டோரிக்‌ஷா ஓட அனுமதியில்லை. செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்குத் திருமணத்திற்குச் செல்வோர் சயானில் இறங்கி, பட்டுப்புடவையும் பரிசுப்பொருளுமாக டாக்சி தேடுவதன் காரணம் இதுவே.

மாட்டுங்காவின் விந்தை வேறு. அதற்கு இரண்டு ரயில் நிலையங்கள். 1853-இல் தாணாவுக்கு வண்டி விட்டது ஒரு கம்பெனி. 1860-களில் மேற்குக் கரையோரமாக வந்தது மற்றொன்று. தத்தம் பாதையை இட்ட அவர்கள், ஊருக்குள் அவை இணைய வேண்டுமே எனக் கருதவில்லை. எனவே மாட்டுங்காவிலிருந்து மாட்டுங்கா ரோடுக்கு ரயிலில் செல்ல விரும்புவோர் தாதர் சென்று வண்டி மாறித் திரும்ப வேண்டும். விவரம் அறிந்தவர்கள் நடைமேம்பாலம் ஏறி நடந்துவிடுவர். இவ்விரு தடங்களுக்கும் மித்திக்கும் இடைப்பட்ட முக்கோணமே தாராவி.

புதிய குறுக்குவழிகள் நம் காலத்தில் வந்தன. 2009-இல் பாந்த்ரா–வொர்லி கடற்பாலம் சுங்கச் சாலையாகத் திறக்கப்பட்டது. ஆவாபாய் அம்மையாரின் நிபந்தனை இங்கே நினைவுக்கு வராமற் போகாது. 2003-இல் தொடங்கிய சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலை 2014-இல்தான் முடிந்தது. ஏறத்தாழ ஆறரைக் கிலோமீட்டருக்குப் பதினோராண்டுகள்! குர்லாப் பகுதியில் வீடும் கடையும் இழந்தோர் உலக வங்கியிடம் முறையிட, 2006-இல் வங்கி சில மாதங்கள் நிதியை நிறுத்திவைத்தது. செம்பூர்க்காரரின் சுற்றுவழி குறைந்ததற்குரிய விலையில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் அவர்களே. வண்டியில் விரைபவர் அதை எண்ணிப்பார்ப்பதில்லை.

2024 ஆகஸ்டு 1-ஆம் நாள், நூறாண்டு கடந்த சயான் ரயில்வே மேம்பாலம் இடித்துக் கட்டுவதற்காக மூடப்பட்டது. தடத்திற்கு மேற்கே தாராவி. கிழக்கே, அங்குள்ளோர் பிரசவத்திற்கும் காய்ச்சலுக்கும் நாடும் சயான் மருத்துவமனை. முன்னர் ஒரு பாலம் ஏறி இறங்கினால் முடிந்த வழிக்கு, அன்றுமுதல் நோயாளியை ஏற்றிய வண்டிகளும் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று.