மீன்தொட்டி வாங்குமுன் கொஞ்சம் சரித்திரம்

நம்மில் பலர் வீட்டுப் பரணில் ஒரு காலிக் கண்ணாடித் தொட்டி கிடக்கும். பேரப்பிள்ளை ஆசைப்பட்டான் என்று வாங்கியதாக இருக்கும். முதல் வாரம் வீடே கொண்டாடியது. இரண்டாம் வாரம் தண்ணீர் கலங்கியது. மூன்றாம் வாரம் மீன்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. பிள்ளை அழுதான். "நமக்குக் கைராசி இல்லை" என்று சொல்லித் தொட்டியைப் பரணில் ஏற்றிவிட்டோம்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எதற்குப் பணம் செலவழிக்க வேண்டும், எதற்குப் பொறுமை செலவழிக்க வேண்டும் என்ற கணக்கு இடம் மாறிப்போனதுதான் காரணம். அந்தக் கணக்கை சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டிலேயே நான்கு பேர் போட்டு வைத்திருக்கிறார்கள்.

முதலாமவர் ஒரு பெண்மணி. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். லவுவாசியே, பாஸ்தர் என்று பல பெயர்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் ழான் வில்ப்ரே என்ற பெயரை வகுப்பில் கேட்டதாக நினைவில்லை. 1794-ல் பிரான்சின் கொரேஸ் பகுதியில் ழுய்யாக் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை செருப்புத் தைப்பவர். பதினெட்டு வயதில் பாரீசுக்குப் போய்த் தையல் வேலையில் சேர்ந்தார். 1818-ல் ஜேம்ஸ் பவர் என்ற வணிகரை மணந்து, சிசிலித் தீவின் மெசீனா நகரில் குடியேறினார்.

அங்கே அவரைப் பிடித்துக்கொண்டது ஆர்கோனாட் என்ற சிறு ஆக்டோபஸ் இனம். அதன் பெண் காகிதம் போல் மெல்லிய ஓட்டுக்குள் வாழும். அந்த ஓடு அதற்குச் சொந்தமா, வேறு பிராணியிடம் பறித்ததா என்று அறிஞர்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். செத்ததை வைத்து வாதாடிப் பயனில்லை, உயிரோடு பார்த்தால்தான் தெரியும் என்று 1832-ல் அந்த அம்மாள் கண்ணாடித் தொட்டி செய்துகொண்டார். ஓட்டை உடைத்துப் பார்த்தார்; பிராணி அதைத் தானே ஒட்டிச் சரிசெய்தது. குஞ்சுகள் ஓடு வளர்ப்பதையும் கண்டார். வழக்கு தீர்ந்தது. இன்று உலகம் அவரைத்தான் மீன்தொட்டியின் தாய் என்கிறது.

ஆனால் மெசீனா துறைமுக நகரம். கடல்நீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நீரை அடிக்கடி மாற்ற முடியாதவர் என்ன செய்வது?

இதற்கு விடை கண்டவர் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். இங்கிலாந்தில் கண்ணாடிக்கு எடைக்கணக்கில் இருந்த வரி 1845-ல் நீங்கியது. கண்ணாடி மலிந்தது. 1849-ல் அவர் சுமார் 12, 13 காலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் மணலும் சேறும் இட்டு, நாடா போல நீளும் வாலிஸ்னேரியா செடியை நட்டு, இரண்டு சிறு தங்கமீன்களை விட்டார். மீன் விடும் மூச்சு செடிக்கு உணவு, செடி விடும் பிராணவாயு மீனுக்கு மூச்சு என்பது அவர் கணக்கு. சில நாளில் இலைகள் அழுகித் தண்ணீர் கெட்டது. அவர் தொட்டியைப் பரணில் ஏற்றவில்லை. குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். அவை அழுகலைத் தின்றன. அவற்றின் முட்டையை மீன்கள் தின்றன. தண்ணீர் தெளிந்தது. மின்சாரமும் இல்லை, ஃபில்டரும் இல்லை.

அவருடைய அளவு நம் கணக்கில் 55 முதல் 59 லிட்டர். இன்று கடையில் கிடைக்கும் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி முழுதும் நிரம்பினால் 56 லிட்டர் சொச்சம். அவர் அளவேதான்! ஆகவே முதல் செலவு இதற்கே. சின்ன உருண்டைக் குடுவை சுலபம் என்று நினைப்போம், உண்மை தலைகீழ். நீர் குறைந்தால் கழிவு சீக்கிரம் நஞ்சாகும். ஒன்று கவனியுங்கள்: மணலும் நீருமாக இது எழுபது கிலோவை எட்டும். ஆட்டம் காணாத மேசை வேண்டும், நேர் வெயில் படாத இடமும் வேண்டும்.

இனி ஃபில்டர். அதைக் காப்பி வடிகட்டி போல அழுக்கைப் பிடிக்கும் சாதனம் என்று எண்ணுகிறோம். அதன் உண்மையான வேலையைக் காட்டியவர்கள் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள். 1877-ல் ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாயில் மணலும் சுண்ணாம்புத் தூளும் நிரப்பிச் சாக்கடை நீரை மெல்ல ஊற்றினார்கள். இருபது நாள் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு நீரிலிருந்த அமோனியா நைட்ரேட்டாக மாறி வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் வேலை நின்றது. உயிருள்ளது மயங்கும், மணல் மயங்குமா? ஆக, வேலை செய்தது மணலில் குடியேறிய நுண்ணுயிர். பின்னர் தோட்ட மண் கலந்த நீரை ஊற்றியதும் வேலை மறுபடி தொடங்கியது.

நம் தொட்டியில் நடப்பதும் இதுவே. மீன் கழிவின் அமோனியா கொடிய நஞ்சு. அதை மாற்றும் நுண்ணுயிருக்கு வீடு கட்டித் தருவதுதான் ஃபில்டர். அந்த வீடு விலையுயர்ந்த மாளிகையாக இருக்க வேண்டியதில்லை. சிறிய காற்று மோட்டாரோடு சேர்த்த சாதாரணப் பஞ்சு ஃபில்டர், இந்த அளவுத் தொட்டிக்கும் பத்துக் கப்பி மீனுக்கும் போதும். மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள்; மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய் வழியே மோட்டாருக்குள் இறங்காது. பஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள். குளோரின் கலந்த நீர் குடியிருப்பவர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும்.

மிச்சமாகும் பணத்துக்குச் செடி வாங்குங்கள். வாலிஸ்னேரியா, ஜாவா ஃபெர்ன், ஜாவா பாசி மூன்றும் அதிகச் செல்லம் கேட்காதவை. அமோனியாவைத் தாங்களும் உறிஞ்சிக்கொள்ளும். தினம் ஆறேழு மணி நேர விளக்கொளி போதும். அதிகமானால் பச்சைப் பாசி படரும்.

கடைசிச் செலவு, காசில்லாத செலவு: காத்திருப்பது. ஒரு நாள் பிடித்து வைத்த நீரில் தொட்டியை நிரப்பி, செடி நட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, மீனில்லாமலே தினம் ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டு வாருங்கள். நாலு முதல் ஆறு வாரம் ஆகும். குறுக்குவழி ஒன்று உண்டு. பால் தயிராக அடுத்த வீட்டில் உறைமோர் வாங்குவோமே, அதேபோல் மீன் நன்றாக வாழும் தொட்டி யார் வீட்டிலாவது இருந்தால் அவர்கள் பழைய பஞ்சைக் கேட்டு வாங்கி உங்கள் தொட்டியில் பிழிந்துவிடுங்கள். அந்த இருவர் மண் நீரை ஊற்றியதும் இதே உறைமோர்தான்.

அதற்குப் பிறகும் ஒரே நாளில் பத்து மீனை விடாமல், முதலில் மூன்று, இரண்டு வாரம் கழித்து மற்றவை என்று விடுங்கள். கடைக்காரர் அன்றைக்கே தொட்டியும் மீனும் சேர்த்துத் தருவதாகச் சொல்வார். பேரப்பிள்ளையும் அவசரப்படுத்துவான். தொட்டியை இன்று வாங்கிக் கொடுங்கள். மீனை அடுத்த மாதம் வாங்கிக் கொடுங்கள்.