ஓசை அடங்கும் இடங்கள்
இலண்டன் மாநகரின் அமைதித் தலங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

நம் கல்லூரியின் பழைய மாணவிகளில் கணிசமானோர் இன்று பெருநகரங்களில் வாழ்கின்றோம். கொழும்பு, சென்னை, இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் என ஊர்கள் வேறுபட்டாலும் நம் முறைப்பாடு ஒன்றுதான்: “சற்று ஆறி இருக்க ஓரிடம் இல்லை.” வளவும் முற்றமும் கிணற்றடியும் கோயில் வீதியும் உள்ள ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். அமைதியை எங்கேனும் தேடிப் போகவேண்டும் என்பதே நமக்குப் புதிய செய்தி.

இலண்டனில் வாழும் எம்மிற் சிலர் கடமை ஓய்ந்த நாட்களில் ஒன்றுகூடி, இம்மாநகரின் அமைதியான மூலைகளை நடந்து பார்த்து வருகிறோம். அழகை இரசிக்கவே தொடங்கினோம். போகப்போக வேறோர் உண்மை புலப்பட்டது. இம்மூலைகளில் எதுவும் தற்செயலாக எஞ்சியதல்ல. நோய், மரணம், யுத்தம் ஆகியவற்றின் நடுவிலிருந்து யாரோ சிலர் போராடிப் பெற்றவை அவை. அவர்களுட் பெண்கள் பலர், வைத்தியர்களும் உளர். ஆகவே அவ்வரலாற்றை நம் நூற்றாண்டு மலரில் பதிவது பொருத்தமென எண்ணினோம்.

இறந்தோரைக் கணக்கெடுத்தவர்கள்

1801 இல் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த இலண்டனில், 1901 இல் ஏறத்தாழ 65 இலட்சம் பேர் வாழ்ந்தனர். இருப்போருக்கே இடமில்லாத நகரில் இறந்தோருக்கு எங்கே இடம்? சின்னஞ்சிறு தேவாலய வளவுகளில் பிணத்தின் மேல் பிணமாக அடக்கம் செய்தார்கள். சில சேமக்காலைகளின் தரை, வெளியே உள்ள தெருவைவிட உயர்ந்து போயிற்று. இன்றும் அந்த உயர்வைக் கண்ணாற் காணலாம்.

டுரூரி லேன் பகுதியில் தொழில் செய்த ஜோர்ஜ் அல்பிரட் வோக்கர் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், 1839 இல் இந்நிலையை விவரித்து நூலொன்றை வெளியிட்டார். அதே ஆண்டில், பிறப்பு இறப்புப் பதிவுகளை ஆராய்ந்த வில்லியம் பார், நகரின் கிழக்குப் பகுதியில் பூங்கா ஒன்று அமைந்தால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான உயிர்கள் காக்கப்படும் என்று எழுதினார். துர்நாற்றமே நோயைப் பரப்புகிறது என்பது அக்கால வைத்தியத்தின் நம்பிக்கை. கொலரா நீரினாற் பரவுகிறது என்பதை ஜோன் ஸ்னோ பின்னரே நிறுவினார். ஆயினும், நெருக்கமே மக்களைக் கொல்கிறது என்ற முடிவு பிழையானதன்று. காரணம் தவறாயிருந்தும் மருந்து பலித்த சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று.

1840 இல் கிழக்கு இலண்டன் மக்கள் 30,000 பேர் ஒப்பமிட்டு மகாராணிக்கு மனுச் செய்தனர். அதன் பயனாக 1845 இல் விக்டோரியா பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது. 200 ஏக்கருக்கு மேற்பட்ட அப்பூங்காவின் ஏரிக்கரையில் இன்று நம்மவர் குடும்பங்களும் பாய் விரித்து அமர்கின்றன. அந்தப் புற்றரையின் அடியில் இருப்பது ஒரு மரணப் புள்ளிவிபரம் என்பதை எத்தனை பேர் அறிவர்?

1848–49 கொலராவின் பின் வந்த 1852 ஆம் ஆண்டுச் சட்டம், நகருக்குள் இருந்த சேமக்காலைகளை மூடுவதற்கு வழிசெய்தது. மூடிய நிலங்களைக் கட்டட முதலாளிகள் கண்வைத்தார்கள். போராட்டத்தின் இரண்டாம் கட்டம் அங்கேதான் தொடங்கியது.

பூங்கா கேட்ட பெண்கள்

ஒக்டேவியா ஹில் அம்மையாரின் தாய்வழிப் பாட்டனார் சவுத்வூட் சிமித், சுகாதாரச் சீர்திருத்தத்துக்கு உழைத்த வைத்தியர். ஏழைகளின் வாடகை வீடுகளைப் பொறுப்பேற்று நடத்திய ஒக்டேவியா, ஓர் அறையில் ஒரு குடும்பமே வாழ்வதை நாள்தோறும் கண்டவர். அத்தகையோருக்குப் பூங்கா என்பது பொழுதுபோக்கு இடமன்று, திறந்த வானின் கீழ் அவர்களுக்கு உரிய இருப்பறை என்பது அவர் கொள்கை. 1875 இல் சுவிஸ் கொட்டேஜ் வயல்வெளியைக் காக்க முயன்று தோற்றார். சோர்ந்துவிடவில்லை. 1887 இல் சவுத்வார்க் பகுதியில், பாழடைந்த காகித ஆலை இருந்த நிலத்தில் ரெட் குரோஸ் தோட்டத்தை அமைத்தார். 1895 இல் நஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பை நிறுவிய மூவருள் ஒருவரானார். தேம்ஸ் நதிக்குத் தெற்கே, சந்தடி மிக்க லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், குளமும் பூஞ்செடிகளும் சிறு வீடுகளுமாக அத்தோட்டம் இன்றும் இருக்கிறது.

அவர் காலத்தவர் ஃபனி வில்கின்சன். ஆண்களுக்கென நடந்த தோட்டக்கலைப் பயிற்சியில் இடம்பெற்று, பிரித்தானியாவில் நிலத்தோற்ற வடிவமைப்பைத் தொழிலாகச் செய்த முதற் பெண்மணியானார். பெண் என்பதற்காகக் குறைந்த ஊதியம் வாங்க மறுத்தார் என்பதை நம் மாணவிகள் குறித்துக்கொள்ள வேண்டும். 1882 இல் அமைந்த மாநகரப் பொதுத் தோட்டங்கள் சங்கத்தின் வடிவமைப்பாளராக, இலண்டனில் 75 க்கு மேற்பட்ட தோட்டங்களை உருவாக்கினார். 1890 இல் திறக்கப்பட்ட வொக்ஸ்ஹோல் பூங்கா அவற்றுள் ஒன்று.

மூன்றாமவர் இசபெல்லா ஹோம்ஸ். பழைய நிலப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, மறைந்துபோன சேமக்காலைகளைத் தேடிக் கண்டுபிடித்தவர். 1884 ஆம் ஆண்டுச் சட்டம் கைவிடப்பட்ட சேமக்காலைகளிற் கட்டடம் எழுப்புவதைத் தடைசெய்தது. ஆனால், நிலம் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் சட்டம் எதைக் காக்கும்? அவருடைய ஆய்வு 1896 இல் நூலாக வந்தது. பட்டியல் எழுதுவதும் ஒரு போராட்டமே என்பதை அவர் காட்டினார்.

நாம் கண்ட நான்கு தலங்கள்

ஓல்ட் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு அருகே பன்ஹில் பீல்ட்ஸ் இருக்கிறது. ஏறத்தாழ 1,23,000 பேர் அடக்கமான இந்நிலம் 1854 இல் மூடப்பட்டு, 1869 இல் பொதுத் தோட்டமாயிற்று. கவிஞர் வில்லியம் பிளேக், நாவலாசிரியர் டானியல் டீபோ ஆகியோர் துயில்வது இங்கேதான். நாம் அதிக நேரம் நின்றது சுசானா வெஸ்லியின் கல்லின் முன். 19 பிள்ளைகளைப் பெற்று, 1742 இல் மறைந்த இத்தாய், தம் பெண்பிள்ளைகள் வாசிக்கப் பழகிய பின்னரே வீட்டு வேலை பழகவேண்டும் என்று ஒழுங்கு வைத்தவர். அவர் மகன் ஜோன் வெஸ்லி தொடக்கிய மெதடிஸ்த இயக்கத்தின் மிஷனரிமார் 1814 இல் இலங்கைக்கு வந்தனர். 1834 இல் யாழ்ப்பாணத்தில் வேம்படி மகளிர் பாடசாலையைத் தொடக்கியோரும் அவர்களே. நம் நாட்டில் பெண்கல்வி வேர்கொண்ட கதையின் ஒரு நுனி இந்த மரநிழலில் இருக்கிறது.

சென் போல்ஸ் பேராலயத்திலிருந்து சற்றுத் தூரத்தில் போஸ்ட்மன்ஸ் பார்க். அயலிலிருந்த தலைமைத் தபாலக ஊழியர்கள் மதிய உணவுக்கு வந்து அமர்ந்ததால் இப்பெயர். மூன்று பக்கமும் உயர்ந்த கட்டடங்கள். நடுவே மீன்தொட்டியும் மரங்களும் வாங்குகளும். ஓவியர் வட்ஸ் 1900 இல் இங்கு ஒரு தாழ்வாரம் அமைத்து, பிறரைக் காக்கத் தம்முயிர் ஈந்த சாதாரண மனிதரின் பெயர்களை ஓடுகளிற் பொறிக்கச் செய்தார். 1885 இல் தீப்பற்றிய வீட்டிலிருந்து தமக்கையின் பிள்ளைகளை வெளியேற்றிவிட்டுத் தான் மாண்ட அலிஸ் அயேர்ஸ் என்ற இளம்பெண்ணின் பெயர் அங்குண்டு. சாமுவேல் ரபெத் என்ற இளம் வைத்தியரின் பெயரும் உண்டு. 1884 இல், டிப்தீரியா எனும் தொண்டைக்கரப்பானால் மூச்சடைத்த குழந்தையின் கழுத்துக் குழாயைத் தம் வாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்து, அந்நோய் தொற்றி இறந்தவர் அவர். தடுப்பூசி வந்தபின் வைத்தியம் படித்த நமக்கு அந்நோய் பெரும்பாலும் பாடப்புத்தகத்துச் செய்தி. கொவிட் காலத்தில் வாட்டுகளில் நின்ற எம்மவர்க்கோ அவ்வோட்டின் முன் பேச்சு வரவில்லை.

மூன்றாவது, செல்சியின் மூலிகைத் தோட்டம். 1673 இல் மருந்து தயாரிப்போர் சங்கத்தினர் தம் மாணவருக்காக ஆற்றங்கரையில் அமைத்தது. வைத்தியர் ஹான்ஸ் சுலோன் 1722 இல் ஆண்டுக்கு ஐந்து பவுண் வாடகையில் என்றென்றைக்கும் எனக் குத்தகை எழுதிக் கொடுத்ததால், விலைமதிக்க முடியாத அந்நிலம் இன்றும் தோட்டமாகவே நிற்கிறது. 1983 வரை மதிலுக்குள் மறைந்திருந்தது. இன்று கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். கடனாளிச் சிறையில் கிடந்த கணவரை மீட்பதற்காக எலிசபெத் பிளாக்வெல் என்ற பெண் இங்கு வளர்ந்த மூலிகைகளை வரைந்து, செதுக்கி, தம் கையாலேயே வர்ணமும் தீட்டி 1737 முதல் 1739 வரை நூலாக வெளியிட்டார். பின்னாளில் அதே பெயருடைய இன்னொருவர் பிரித்தானிய வைத்தியப் பதிவேட்டில் இடம்பெற்ற முதற் பெண்ணாக விளங்கியது இனிய தற்செயல். நம்மூரில் பட்டிப்பூ என்று வழங்கும் நித்தியகல்யாணியும் 18 ஆம் நூற்றாண்டிலேயே இங்கு வளர்க்கப்பட்டது. அதிலிருந்து பெறும் வின்கிறிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு நாம் இன்றும் கொடுக்கும் மருந்து. வேலியோரம் மிதிபட்ட செடி அது.

நான்காவது, சென் டன்ஸ்டன் இன் த ஈஸ்ட். 1666 இன் பெருந்தீயிற் சேதமடைந்து, சேர் கிறிஸ்தோபர் ரென் அமைத்த கோபுரத்தோடு நிமிர்ந்த தேவாலயம் இது. 1941 இல் ஜேர்மன் குண்டுவீச்சில் கூரையிழந்தது. கோபுரமும் சில சுவர்களும் தப்பின. நகர சபை அதை இடித்துத் துடைக்கவும் இல்லை, முன்போற் கட்டவும் இல்லை. இடிந்த சுவர்களுக்குள்ளேயே மரமும் கொடியும் வளர்த்துத் தோட்டமாக்கியது. சாளர வளைவுகளினூடே கொடி ஏறுகிறது. உடைந்த சுவரோரம் அலுவலக ஊழியர்கள் சோற்றுப்பெட்டியைத் திறக்கிறார்கள்.

இவ்விடத்தில் நம்மவர் மௌனமாவது இயல்பு. 1981 இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தை நாம் மீளக் கட்டினோம். அது சரியான வழி. கூரையற்ற வீடுகளும் குண்டுபட்ட சுவர்களும் நம் பிள்ளைப் பருவத்தின் அன்றாடக் காட்சிகள். எல்லா இடிபாட்டையும் மறைத்துப் பூசத்தான் வேண்டுமா, ஒன்றிரண்டையேனும் நிழலாக்கி நினைவாக வைத்திருக்கலாகாதா என்ற கேள்வியை அத்தோட்டம் நம்மிடம் கேட்கிறது.

நாம் கற்றுக்கொள்வது

இவ்விடங்களில் மூன்று பொது இயல்புகளைக் கண்டோம். ஒன்று, ஒவ்வொன்றின் பின்னும் எழுத்தில் ஓர் ஆவணம் இருக்கிறது. சட்டம், குத்தகை, மனு என ஏதோ ஒன்று. வாய்ப்பேச்சால் எந்த மரமும் தப்பவில்லை. இரண்டு, இவை பெரும்பாலும் சிறியவை. இரண்டு வீட்டு வளவளவு நிலமும் ஒரு தெருவின் மூச்சுக்குப் போதும். மூன்று, பெண்கள் தனியே வந்து அச்சமின்றி அமரக்கூடியதாக இருப்பதே அமைதியின் அளவுகோல். எத்தனை அழகிருந்தாலும், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உட்காரவேண்டிய இடம் அமைதியான இடமாகாது.

வைத்தியர்களாகிய எமக்கு இது வெறும் வரலாறன்று. பிள்ளைகளோடு இருக்கவென்று ஊரிலிருந்து வந்து, மாடிவீட்டின் நான்கு சுவர்களுக்குள் அடைபட்ட தாய்மாரை எம் சிகிச்சை நிலையங்களில் அடிக்கடி காண்கிறோம். நித்திரையில்லை, நெஞ்சு படபடப்பு, பசியில்லை என்பார்கள். பரிசோதனையில் ஒன்றும் இராது. மருந்தோடு, நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு மரமும் ஒரு வாங்கும் உள்ள இடத்தின் பெயரையும் எழுதிக் கொடுக்கிறோம். “அங்கே போய் என்ன செய்யிறது பிள்ளை?” என்று கேட்பார்கள். “சும்மா இருங்கோ அம்மா” என்போம். அடுத்த முறை வரும்போது, அந்த வாங்கில் தினமும் சந்திக்கும் இன்னோர் அம்மாவைப் பற்றிச் சொல்வார்கள்.

நம் நாட்டிலும் காக்கவேண்டியவை உள. 2018 இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற கொழும்பின் சதுப்புநிலங்கள், யாழ்ப்பாணத்தில் டைக் துரை மரம் நட்டு உருவாக்கிய பழைய பூங்கா, ஊர்தோறும் உள்ள குளக்கரைகள், ஆலடிகள் ஆகியன நாளைய இலண்டன்வாசிகள் பொறாமைப்படக்கூடிய செல்வங்கள். நிலத்தின் விலை ஏற ஏற, வெறுமையாகக் கிடக்கும் நிலமெல்லாம் வீணென்று தோன்றும். அது வீணன்று என்று எழுதிவைக்க ஓர் இசபெல்லா, வாதாட ஓர் ஒக்டேவியா, வரைந்து கொடுக்க ஒரு ஃபனி ஒவ்வோர் ஊருக்கும் தேவை.

நூறு ஆண்டுகளாகப் பெண்களைக் கற்பித்து உலகெங்கும் அனுப்பிய கல்லூரி நம்முடையது. எந்த நகரில் வாழ்ந்தாலும், உங்கள் அயலில் உள்ள ஒரு நிழலையேனும் அதன் வரலாற்றோடு அறிந்து, அடுத்த தலைமுறைக்கு எழுதி வையுங்கள். அத்தகைய குறிப்புகள் நம் சங்கத்தின் அடுத்த மலர்களை நிரப்பட்டும்.