தொட்டியிற் பிறந்த ஒழுங்கின்மை: மின்படிவுக் கலப்புலோகப் படலங்களின் வரலாறு

உலோகங்கள் யாவும் பளிங்குருவானவை என்பது நெடுங்காலம் ஐயத்துக்கு இடமற்ற உண்மையாகக் கொள்ளப்பட்டு வந்தது. 1912ஆம் ஆண்டில் லாவே கண்டறிந்த எக்ஸ்-கதிர்க் கோணல் முறையும், அதனைத் தொடர்ந்து பிராக் தந்தையும் மகனும் நிகழ்த்திய ஆய்வுகளும் இந்நம்பிக்கைக்கு உறுதியளித்தன. நிக்கலிலும் செம்பிலும் அணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் முகங்களின் மையங்களிலும் அமர்ந்து, அவ்வமைப்பு மீண்டும் மீண்டும் தொடரும் சாலகமாக விளங்குகின்றன. இத்தகைய நெடுந்தூர ஒழுங்கில்லாத, பளிங்குருவற்ற உலோகம் என்றதும் பலர் நினைவுகூர்வது 1960ஆம் ஆண்டினையே. அவ்வாண்டிலேயே கலிபோர்னியத் தொழினுட்ப நிறுவகத்தில் டுவேசும் அவர்தம் துணைவரும் உருகிய தங்க-சிலிக்கன் கலப்புலோகத்தை, செக்கனுக்குப் பத்து இலட்சம் பாகை அளவிலான வேகத்திற் குளிரச் செய்து கண்ணாடி நிலையிற் பெற்றனர். ஆயின் அதற்கு வெகுகாலம் முன்னரே மின்முலாம் பூசும் தொட்டிகளில் இத்தகைய பொருள்கள் உருவாகியிருந்தன. கையிலிருந்த பொருளின் இயல்பு தெளிவாவதற்கு ஏன் இத்துணைக் காலம் சென்றது என்பதே இங்கு நாம் ஆராயவேண்டிய வினா.

1800இல் வோல்ற்றா தமது மின்னடுக்கினை அறிவித்த பின்னர், மின்பகுப்பினால் உலோகம் படியச்செய்யும் கலை விரைந்து வளர்ந்தது. 1840இல் எல்கிங்ரன் பெற்ற காப்புரிமையோடு இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரம் அத்தொழிலின் நிலைக்களமாயிற்று. அந்நகரில் வாழ்ந்த ஜோர்ஜ் கோர் என்னும் இரசாயனர், 1850களில் அந்திமனிக் குளோரைட்டுக் கரைசலை மின்பகுத்தபோது விந்தையான படிவொன்றைப் பெற்றார். பார்வைக்குச் சாதாரண உலோகம் போலிருந்த அதனைக் கூரிய முனையாற் கீறியதும், அது திடீரெனச் சூடேறி வெண்புகை கக்கி வெடித்தது. 'வெடிக்கும் அந்திமனி' என அது பெயர் பெற்றது. ஒழுங்கற்று நின்ற அணுக்கள் கீறிய இடத்திற் பளிங்காக மாறத் தொடங்குகின்றன. அப்போது வெளிப்படும் வெப்பம் அயலிலுள்ள பகுதியையும் மாற்றுகிறது. இவ்வாறு மாற்றம் படிவு முழுவதும் பரவுகிறது. இவ்விளக்கம் இன்று எமக்கு எளிது. எக்ஸ்-கதிரும் அறியப்படாத, அணுவொழுங்கைக் காணும் வழியுமில்லாத காலத்தவரான கோருக்கோ அது ஒரு புதிராகவே இருந்தது.

இரண்டாவது வாய்ப்பு வாஷிங்ரனிலுள்ள தேசிய நியமப் பணியகத்திற் கிட்டியது. அப்னர் பிரென்னரும் கிரேஸ் ரிடெல்லும் உருக்குக் குழாய்களின் உட்புறத்தில் நிக்கல்-தங்குதன் கலப்புலோகத்தைப் படியச்செய்ய முயன்றனர். கரைசலில் வேண்டாத ஒட்சியேற்றம் நிகழாதிருக்கச் சோடியம் ஐப்போபொசுபைற்றைச் சேர்த்தபோது, பரடேயின் விதி அனுமதிக்கும் அளவினும் கூடுதலான உலோகம் படிந்தது. மின்னோட்டமின்றியே நிக்கல் தாழ்த்தப்பட்டுப் படிகிறது என்பதை உணர்ந்த அவர்கள், 1946இல் அம்முறையை வெளியிட்டனர். இவ்வாறு பெறப்பட்ட நிக்கல் தூயதன்று. அதனுடன் பொசுபரசும் சேர்ந்திருந்தது.

1950இல் பிரென்னர், கௌச், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் மின்படிவினாற் பெற்ற நிக்கல்-பொசுபரசு, கோபாற்று-பொசுபரசுக் கலப்புலோகங்களைப் பற்றி எழுதினர். பொசுபரசு குறைந்த படலங்களின் கோணற் படத்தில் பளிங்குக்குரிய கோடுகள் தோன்றின. பொசுபரசு மிகுந்த, காந்த இயல்பற்ற படலங்களிலோ அகன்று மங்கிய ஒரே பட்டை மட்டுமே எஞ்சியது. நிக்கலைப் பொறுத்தவரை, நிறையில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு பொசுபரசு இருக்கும் நிலையில் இம்மாற்றம் நிகழ்கிறது. திண்ம நிக்கலிற் பொசுபரசு மிகச் சிறிதளவே கரையும். சமநிலையில் அது நிக்கலுடன் Ni₃P என்னும் சேர்வையாகப் பிரிந்திருக்க வேண்டும். ஆயின் தொட்டியின் வெப்பநிலை 100 பாகை செல்சியசுக்கும் குறைவு. கதோட்டினை அடையும் அணு தனக்குரிய இடத்தை நாடிச் செல்லுமுன் அடுத்த அணுக்கள் அதனை மூடிவிடுகின்றன. அப்படலத்தை 400 பாகை வரையிற் சூடேற்றினால் நிக்கலும் Ni₃Pயும் பளிங்குகளாகப் பிரிகின்றன; கோணற் கோடுகள் கூர்மையடைகின்றன; படலத்தின் வன்மையும் உயர்கிறது.

இருப்பினும் வினா ஒன்று எஞ்சியது. பளிங்குகள் சிறுக்கச் சிறுக்கக் கோணற் கோடுகள் அகலும் என்பதைச் செரர் முன்னரே காட்டியிருந்தார். அவ்வாறாயின், மங்கிய அப்பட்டை உண்மையான ஒழுங்கின்மையைக் குறிப்பதா, மிக நுண்ணிய பளிங்குகளின் கூட்டத்தைக் குறிப்பதா? விடைக்கு வழி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. திரவங்களின் அமைப்பை அறிய விழைந்த பேர்னால், உருண்டைகளை ஒழுங்கின்றி நெருக்கிக் குவித்து அவற்றின் அமைப்பை அளந்தார். ஒழுங்கான நெருங்கிய அடுக்கில் உருண்டைகள் 74 சதவீத இடத்தை நிரப்ப, ஒழுங்கற்ற குவியலில் அவை ஏறத்தாழ 64 சதவீதத்தையே நிரப்புகின்றன. 1970இல் கார்கில், மின்படிவு நிக்கல்-பொசுபரசின் கோணல் அளவீடுகளை இவ்விரு கருத்துகளோடும் ஒப்பிட்டார். நுண்பளிங்கு மாதிரிகள் பொருந்தவில்லை. ஒழுங்கற்ற குவியலின் மாதிரி பெரிதும் பொருந்தியது. அக்குவியலும் முற்றிலும் தாறுமாறானதன்று. ஒவ்வொரு பொசுபரசு அணுவையும் நிக்கல் அணுக்களே சூழ்ந்து நிற்கின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

டுவேசின் பெருமையை இவ்வரலாறு குறைப்பதன்று. உருகிய நிலையிலிருந்து கண்ணாடி உலோகத்தைப் பெறலாம் எனக் காட்டி, அதனைத் தனியொரு துறையாக வளர்த்தவர் அவரே. பிரென்னர் குழுவினர் நாடியதோ பயன்தரும் மேற்பூச்சொன்றை. அவர்கள் உருவாக்கிய முறையின் வழிவந்த காந்தமற்ற நிக்கல்-பொசுபரசுப் படலமே, பிற்காலத்திற் கணினித் தகடுகளின் அலுமினியத்தின் மீது வழவழப்பான அடித்தளமாயிற்று.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. ஒழுங்கற்ற உலோகத்தின் அமைப்பைத் தெளிவாக்கிய சான்றுகளுள் முதன்மையானது தொழிற்கலையின் தொட்டியிலிருந்தே கிடைத்தது. கோரின் கையில் பொருள் இருந்தது, கருவி இல்லை. பிரென்னரிடம் பொருளும் கருவியும் இருந்தன, அமைப்பை விளக்கும் மாதிரி இல்லை. இம்மூன்றும் ஒருங்கு சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. எமது ஆய்வுகூடத்திலும் கோடுகளற்ற மங்கிய படமொன்று கிடைக்குமாயின், அதனைப் பிழையென ஒதுக்குமுன், அது எவ்வினாவுக்கு விடையாகலாம் எனச் சற்று நின்று எண்ணுதல் தகும்.