வெள்ளை வானமும் கறுத்த கொன்றையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவின் ஒளிப்படங்களைத் தொடர்ந்து பார்த்துவருவோர் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும்: அவற்றில் வானிலையே இல்லை. கோபுரமும் கோட்டையும் ஆற்றுத்துறையும் தெளிவாகப் பதிந்துள்ளன. கல்லின் வெடிப்பைக்கூட எண்ணிவிடலாம். வானம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் பெரும்பாலும் எழுதப்படாத தாளின் வெண்மைதான் இருக்கிறது. ஆவணக்காப்பகங்களின் படத்தொகுதிகள் இணையத்திற்கு வந்தபின், சுற்றுச்சூழல் வரலாற்று மாணவர்கள் இப்படங்களைச் சான்றாகக் கையாளத் தொடங்கியுள்ளனர். நல்ல முயற்சிதான். ஆனால் அந்த வெண்மையை மேகமற்ற நாள் என்று படித்துவிட்டால் ஆய்வு தொடக்கத்திலேயே தடம் மாறிவிடும்.

இதை விளக்கத் தில்லியின் புசா ரோடு வசதியான இடம். மேற்கு முனையிலிருந்து சற்றுத் தொலைவில் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்கள் இருக்கின்றன. ஏப்ரலில் கோதுமை அறுவடை முடிந்து தாள்கள் மட்டும் நிற்கும். மே மாதத்தில் சாலையோரச் சரக்கொன்றைகள் இலை தெரியாதபடி மஞ்சளாகத் தொங்கும். லூ எனப்படும் வெப்பக்காற்று பகல் முழுதும் வீசி ஓய்ந்த ஒரு மாலையில், அடிவானத்தில் பழுப்புச் சுவர்போல் புழுதி எழும். அதன் பின்னால் கருநீல மேகம் நிற்கும். இடிமேகத்தின் உள்ளே குளிர்ந்த காற்று கீழ்நோக்கிப் பாய்ந்து, தரையில் மோதி, வறண்ட மண்ணை வாரியெடுத்து முன்னோடுவதால் எழுவது இந்தச் சுவர். மெட்ரோ ரயில் இங்கே மேம்பாலத்தில் ஓடுவதால், கரோல்பாக், ராஜேந்திரா பிளேஸ் நிலைய மேடைகளில் நிற்பவர்கள் கைபேசியை உயர்த்திப் படமெடுப்பதைப் பார்க்கலாம்.

இக்காற்றுக்கு இந்தியில் ஆந்தி என்று பெயர். குருடு, இருள் என்று பொருள்படும் வடசொல் 'அந்த' என்பதிலிருந்து வந்தது. கண்ணைக் குருடாக்கும் காற்று. பெயரிட்டவர் புழுதிக்கு உள்ளே நின்று பெயரிட்டிருக்கிறார். இன்று படமெடுப்பவர் அதற்கு வெளியே நிற்கவேண்டும்.

புசா என்னும் பெயரைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்கர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த நன்கொடையால் 1905-இல் நிறுவனம் தொடங்கப்பட்டதால், ஃபிப்ஸ் ஆஃப் யு.எஸ்.ஏ. என்பதன் சுருக்கமே புசா என்றொரு விளக்கம் உலவுகிறது. கேட்க இனிமையானது, ஆனால் பிழை. புசா பீகாரில் உள்ள ஓர் ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணை அங்கே இருந்தது; வில்லியம் மூர்கிராஃப்ட் அதன் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றது 1808-இல். ஃபிப்ஸின் பணம் வருவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே ஊருக்கு அந்தப் பெயர் இருந்தது. 1934 ஜனவரி 15 நிலநடுக்கத்தில் கட்டடங்கள் சிதைந்தபின் 1936-இல் நிறுவனம் தில்லிக்கு இடம்பெயர்ந்தபோது பெயரும் உடன் வந்தது.

இப்போது, இதே மே மாத மாலையை 1858-இன் கருவிகளோடு ஒருவர் படமெடுக்க முனைந்திருந்தால் என்ன பதிந்திருக்கும்?

அக்காலத்து வெள்ளி உப்புகள், காகிதத்தில் பூசினாலும் கண்ணாடியில் பூசினாலும், நீலத்திற்கும் ஊதாவிற்கும் மட்டுமே விரைந்து இளகின. நீல வானும் வெண்மேகமும் அவற்றிற்கு ஏறத்தாழ ஒன்றே. தரையில் உள்ள கட்டடம் பதிவதற்குத் தேவையான நேரம் திறந்து வைத்தால், வானம் முழுதும் நெகட்டிவில் அடர்கருப்பாகி, அச்சில் வெறும் வெள்ளையாக விழும். மஞ்சளுக்கு நேர்மாறான கதி. மஞ்சள் மலர் நீல ஒளியை விழுங்கிவிடுவதால், தகட்டின்மேல் அது செயல்படுவதே இல்லை. பூத்துக் குலுங்கும் கொன்றை அச்சில் கரிய மரமாக நிற்கும். பிரம்மதண்டின் மஞ்சள் பூவும் அப்படியே. மூன்றாவது, காற்று. காகித நெகட்டிவுக்குப் பல நிமிடங்கள், கண்ணாடித் தகட்டுக்குச் சில நொடிகள் தேவைப்பட்டன. அதற்குள் அசையும் பயிர் புகையாகிவிடும். கோடைப் புயலின் மூன்று உறுப்புகளான மேகம், மலர், அலையும் வயல் ஆகியவையே தொடக்ககால ஒளிப்படத்தால் பிடிக்க முடியாத மூன்று பொருள்களாக அமைந்துவிட்டன.

போதாததற்குப் பருவம். ஈரக் கொலோடியன் தகடு காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். கோடை வெப்பத்தில் அது பெரும்பாடு. ஆகவே படப் பயணங்கள் குளிர்காலத்தை நோக்கித் திட்டமிடப்பட்டன. சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை வழியாகச் சென்றது 1857 டிசம்பரிலிருந்து 1858 ஏப்ரல் வரை. அவர் விட்டுச்சென்ற தமிழகம் மார்கழி முதல் சித்திரை வரையிலான தமிழகம். கார்காலத்தை நாம் அதில் தேடக்கூடாது.

டிரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் சிக்கல் அவரிடம்தான் கூர்மையாகிறது. அவருடைய படங்கள் சிலவற்றில் மேகங்கள் உள்ளன, அழகான மேகங்கள். அவற்றைப் பார்த்து, அந்நாளில் அவ்விடத்தில் மேகமூட்டம் இருந்தது என்று எழுதிவிட எவருக்கும் தோன்றும். ஆனால் அவை தீட்டப்பட்டவை. காகித நெகட்டிவின்மேல் தூரிகையால் வண்ணம் தடவி, ஒளி புகாதபடி செய்து, அச்சில் மேகமாகத் தெரியவைத்தார். 1855-இல் ஆர்தர் ஃபேயரின் தூதுக்குழுவோடு பர்மா சென்றபோது எடுத்த படங்களிலும் இக்கைவேலை உண்டு. சில இடங்களில் மரங்களின் இலைத்தொகுதியையும் திருத்தியிருக்கிறார். இதை மோசடி என்று நான் கருதவில்லை. கண்ணால் கண்ட வானத்தைக் கருவி தர மறுத்தபோது, கையால் ஈடுசெய்தார். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850-களின் பிற்பாதியில் வேறு வழி கண்டார்: கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானுக்கு ஒரு நெகட்டிவ், இரண்டையும் ஒரே தாளில் இணைத்து அச்சிட்டார். ஒரே வானம் அவருடைய வெவ்வேறு கடல்களின் மேல் வருவதுண்டு.

அதே டிரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றியோடும் தமிழ்க் கல்வெட்டுகளைப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். ஹுல்ட்ஷ் அக்கோயிலின் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பதிப்பிக்கத் தொடங்கியது 1891-இல். இச்சுருள் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது. எழுத்து அசையாது, பூக்காது. மொழியியல் படித்தவளாகிய எனக்கு இது மகிழ்ச்சிதான். ஆனால் எதைக் காப்பகத்தில் சேர்ப்பது என்பதை ஆட்சியாளரின் விருப்பம் மட்டுமன்றி வெள்ளி உப்பின் குணமும் முடிவு செய்தது என்பதை இச்சுருள் எனக்கு நினைவூட்டுகிறது.

கோடைப் புயலை அந்நாளில் பதிந்தவர்களே இல்லையா எனில், இருந்தனர், பென்சிலால் பதிந்தனர். வங்காளப் பீரங்கிப் படையின் மருத்துவர் பேட்லி, லாகூரில் தொடங்கிய தம் அவதானிப்புகளைத் திரட்டி, இந்தியாவின் சுழல்காற்றுகளையும் புழுதிப் புயல்களையும் பற்றி 1860-இல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். புழுதித் தூண்களும் சுவர்களும் அதில் வரைபடங்களாக உள்ளன. 1875-இல் இந்திய வானிலைத் துறை அமைந்தபின், மேகத்தின் அளவும் வகையும் பதிவேடுகளில் ஏறின. ஆகவே 1880-களின் ஒரு படத்திற்கு நாளும் இடமும் தெரிந்திருந்தால், அதன் வானத்தைப் படத்தில் தேடாமல் அருகிலுள்ள நிலையத்தின் பதிவேட்டில் தேடுவதே முறை. இதைச் செய்துபார்த்த ஆய்வுகளை நான் மிகக் குறைவாகவே காண்கிறேன்.

மலருக்கும் இதே நிலைதான், இன்னும் நெடுங்காலம். பி.எஃப். பைசன் நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி 1915 முதல் வெளியிட்ட தொகுதிகளில் மலர்கள் கோட்டோவியங்களாகவே வந்தன. அவரிடம் தாவரவியல் பயின்ற மா. கிருஷ்ணன், பின்னாளில் இயற்கை ஒளிப்படத்தில் பெயர்பெற்றபோதும், கறுப்பு வெள்ளையைவிட்டு நகரவில்லை.

கருவி மெல்லத்தான் மாறியது. 1873-இல் ஹெர்மன் ஃபோகல் சாயம் கலந்தால் தகடு பச்சையையும் உணரும் என்று கண்டார். எல்லா நிறங்களையும் உணரும் தகடு 1906-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. மஞ்சள் அல்லது சிவப்பு வடிகட்டியை வில்லையின்முன் வைத்தால் நீல வானம் இருண்டு, மேகம் தனித்து எழும். இடைப்பட்ட காலத்தில் மேகத்தைப் படமாக்கியவர்கள் பெரும்பாலும் அறிவியலார். ரால்ஃப் அபர்கிராம்பி, மேகங்கள் உலகெங்கும் ஒரே வகையினவா என்று அறியவே இருமுறை உலகைச் சுற்றினார். ஒரேவகையினவே என்று கண்டதால்தான் 1896-இல் பன்னாட்டு மேக வரைபட நூல் சாத்தியமாயிற்று. அதில் சேர்க்கத்தக்க தெளிவான படங்களுக்காகச் சுவிட்சர்லாந்தின் ரிகன்பாக், வானத்தை நேரே எடுக்காமல் கரிய கண்ணாடியில் பிரதிபலித்த வானத்தை எடுத்தார்.

இவ்விடத்தில் தமிழைப் பற்றி ஒன்று. சங்க இலக்கியத்தில் மழை, புயல் என்னும் இரு சொற்களும் மேகத்தையே குறிக்கக் காண்கிறோம். பின்னர் மழை என்பது மேகத்திலிருந்து விழும் நீருக்கும், புயல் என்பது அதனோடு வரும் காற்றுக்கும் இடம்பெயர்ந்தன. கோடை மேல்காற்றுக்கும் பெயர், வேனிற்பருவத்திற்கும் பெயர். கொண்டல் கீழ்க்காற்றுக்கும் பெயர், அது கொணரும் மேகத்திற்கும் பெயர். காற்று, மேகம், நீர், பருவம் நான்கையும் தனித்தனிப் பொருளாகப் பிரிக்காமல் ஒரு நிகழ்வாகக் கண்டவர்களின் சொற்கள் இவை. லத்தீன் மேகப் பெயர்களோ வடிவத்தை மட்டும் பார்த்து இடப்பட்டவை: சுருள், குவியல், படலம். நிழற்பட நூலுக்கு உகந்த வகைப்பாடு அதுவே. ஒளிப்படத்தில் காற்றுக்கும் பருவத்துக்கும் இடமில்லையே.

இனி, மெட்ரோ மேடையில் உயர்த்தப்பட்ட கைபேசிக்கு வருவோம். அது ஒரே அழுத்தலில் பல படங்களை வெவ்வேறு அளவு ஒளியில் எடுத்து, வானத்தை ஒன்றிலிருந்தும் தெருவை மற்றொன்றிலிருந்தும் சேர்க்கிறது. லெ கிரேயின் முறைதான், நொடிக்குள் நடக்கிறது. டிரைப்பின் முறையும் திரும்பிவிட்டது: 2020 அக்டோபரில் ஃபோட்டோஷாப் மென்பொருளில் வானத்தை மாற்றும் வசதி வந்தது, அடிவானக் கோட்டைத் தானே கண்டுபிடித்து, விரும்பிய மேகத்தைப் பொருத்திவிடும். டிரைப்பின் தூரிகைத் தடத்தை உருப்பெருக்கியில் காணலாம். இதில் தடம் இல்லை.

2018 மே 2 அன்று ராஜஸ்தானையும் உத்தரப்பிரதேசத்தையும் தாக்கிய புழுதிப்புயல் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அவ்வகைப் புயல் ஓரிடத்தைக் கடக்கச் சில நிமிடங்களே ஆகும். நிலையங்களுக்கு இடையே பல கிலோமீட்டர் இடைவெளி. எங்கிருந்து, எத்திசையில், எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்ற குறிப்போடு மாற்றப்படாத படம் இருந்தால், புழுதிச் சுவரின் உயரத்தையும் வேகத்தையும் அதிலிருந்து கணிக்கலாம். இது வெறும் ஆசையன்று. 2006-இல் அமெரிக்காவின் அயோவாவில் பொதுமக்களில் ஒருவர் எடுத்த அலைமேகப் படத்திலிருந்து தொடங்கிய உரையாடல், 2017-இல் பன்னாட்டு மேக நூலில் ஆஸ்பெரிடாஸ் என்னும் புதிய வகை சேர்க்கப்படுவதில் முடிந்தது.

எனவே கல்லூரி மாணவர்களிடம் நான் கேட்பது சிறிது. ஆந்தி வரும்போது, பாதுகாப்பான இடத்தில் நின்று எடுங்கள். அழகுபடுத்திய படத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள், மூலக்கோப்பை அழித்துவிடாதீர்கள். கோப்பின் பெயரில் நேரத்தையும் திசையையும் எழுதுங்கள். மறுநாள் காலை அதே இடத்திலிருந்து தரையையும் ஒரு படம் எடுங்கள். புழுதி படிந்த புல்வெளியில் மழை அல்லி முளைத்திருக்கலாம். அது அமெரிக்கக் கண்டங்களிலிருந்து தோட்டச் செடியாக வந்தது. வேலியோரத்தில் பார்த்தீனியம் வெண்மையாகப் பூத்திருக்கும். புணேயில் 1955-இல் முதலில் கண்டறியப்பட்டது, இன்று நாடெங்கும். அது தில்லியின் எந்த வயலுக்கு எந்த ஆண்டு வந்தது என்பதை, யாரோ ஒருவர் குடும்பப் படத்தின் பின்னணியில் தற்செயலாகப் பதிந்து வைத்திருக்கக்கூடும். அத்தகைய படம் யாரிடமேனும் இருந்தால், எடுத்த நாளோடு அனுப்பிவையுங்கள்.